கடைசியாகச் சாப்பிட்டது யார் என்று கேட்டவர்

செய்தியைக் கொண்டுவந்தவர் ரொட்டிக்காரர். தினமும் காலையில் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு வருவார், மணியை அடிப்பார், ரொட்டியை நீட்டுவார், போய்விடுவார். பேச்சு வார்த்தை கிடையாது. அன்று மணி அடிக்கவில்லை. வாசலில் வந்து நின்று, "ஐயா, மதாம் மர்த்தா போய்ட்டாங்க. ரொட்டி குடுக்கப் போனேன், தெருவே வாசல்ல நின்னுகினு இருக்குது" என்றார். மர்த்தா அம்மாளுக்கு எடுத்து வைத்திருந்த ரொட்டியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கூடைக்குள் திரும்ப வைக்க மனம் வராமல் எங்கள் ரொட்டியோடு அதையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவர் அன்று சாப்பிட்டிருக்க வேண்டிய ரொட்டி என் மேசை மேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சட்டையை மாட்டினேன். பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று என் மனைவிதான் சொன்னாள்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். புதுவையில் அவரை அறியாதவர்கள் குறைவு. பிரெஞ்சுக்காரர் காலத்து மருத்துவமனையில் மருத்துவச்சியாக இருந்தவர். உங்களில் பலரை முதன்முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்த கை அவருடையது. அந்தக் கதைகள் உங்களிடம் இருக்கும். என்னிடம் இருப்பது வேறு. இந்த ஊர் கைமாறிய பிறகு, என்ன சாப்பிடுகிறார்கள் இந்த ஜனங்கள் என்று கண்டறிய ஒரு சிறு ஆய்வுக் குழுவை அமைத்தார்களே, அதில் அவரும் நானும் ஒரே தராசைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தோம். அந்த மர்த்தா அம்மாளை என்னைப்போல் பார்த்தவர், சண்டை போட்டவர் வேறு யாரும் இல்லை என்று துணிந்து சொல்வேன்.

நான் கடலூரிலிருந்து வந்தவன். அட்டவணை போடுவதும் சராசரி எடுப்பதும் என் வேலை. வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமும் இருந்தது. முதல் நாள் நான் கொண்டுவந்த எடைக்கற்களைப் பார்த்துவிட்டு அவர், "அலோர், மிசியே, உங்க ராத்தலையெல்லாம் ஆத்துக்கு அந்தாண்டயே வுட்டுட்டு வந்திருக்கலாமே. இங்க நாங்க எப்பவோ கிலோவுக்கு வந்துட்டோம்" என்றார். எந்தப் பேச்சையும் அவர் 'அலோர்' என்றுதான் தொடங்குவார். நம்மவர் 'அப்புறம்' என்று இழுப்பதுபோல. என்னைக் கடைசிவரை 'மிசியே' என்றார். நான் அவரை 'மதாம்' என்றேன். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வாக்குவாதத்தில் தோற்கும்போது மட்டும் அதை நினைவுபடுத்துவார்.

வயிற்றில் இருக்கும் குழந்தை முதல் கட்டிலில் கிடக்கும் கிழவர் வரை, ஒவ்வொரு பருவத்திலும் மனிதர் என்ன தின்கிறார், அது போதுமா என்று பார்க்க வேண்டும். இதுதான் எங்களுக்கு இட்ட வேலை. நான் அழகாகக் கட்டம் போட்டேன். கர்ப்பிணிக்கு ஒன்று, பால்குடிக்கு ஒன்று, ஓடியாடும் பிள்ளைக்கு ஒன்று, உழைக்கிறவர்களுக்கு ஒன்று, முதியவர்களுக்கு ஒன்று. காலையில் அடுப்பு மூட்டுமுன் வீட்டுக்குப் போய், சமைக்கப் போகும் பொருள்களை நிறுத்து எழுதுவோம். சாப்பாடு முடிந்ததும் மிச்சத்தை நிறுப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தலைகளால் வகுத்தால் விடை வந்துவிடும் என்பது என் நம்பிக்கை. மர்த்தா அம்மாள் கட்டங்களை உற்றுப் பார்த்தார். "நம்பரு பொய் சொல்லாது மிசியே. ஆனா அதுக்குப் பசிக்கவும் பசிக்காது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் ஒரு வாரம் இருந்தது.

முதல் ஓட்டையை அவர் கண்டுபிடித்தது வைத்திக்குப்பத்தில். பிள்ளைகள் வீட்டில் சாப்பிடுவது இத்தனை கொஞ்சமாக இருக்கிறதே, எப்படி இப்படி ஓடுகிறார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம். படகுகளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டு, விளையாடிக்கொண்டிருந்த பயல்களைக் கூப்பிட்டு, "டவுசரு பையில இன்னா இருக்குதோ எல்லாத்தையும் எடுத்து வைங்கடா, ஐயா நிறுக்கப் போறாரு" என்றார். வறுத்த புளியங்கொட்டை வந்தது, கொடுக்காப்புளி வந்தது, பாதி கடித்த கருவாடு வந்தது, ஒருவன் பையிலிருந்து உயிரோடு ஒரு நண்டு வந்து என் பென்சிலைப் பிடித்துக்கொண்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டில் அந்த நண்டுக்குக் கட்டமே இல்லை. மர்த்தா அம்மாள் சிரித்துச் சிரித்து மணலில் சாய்ந்துவிட்டார். "இந்தக் குப்பத்துல நல்லாச் சாப்பிடறது இந்த டவுசரு பைதான்" என்றார். அன்று மாலை நான் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்.

அவர் எல்லாம் தெரிந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. தப்பு செய்வார். செய்த தப்பைக் கண்டுபிடித்தால் குழந்தைக்குப் பொம்மை கிடைத்ததுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதே குப்பத்தில் பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால்சுறாவைப் புட்டுப்போல் உதிர்த்துச் சமைத்துக் கொடுப்பார்கள்; தாய்ப்பால் ஊறும் என்பது நம்பிக்கை. பிரெஞ்சு மருத்துவமனையில் அதையெல்லாம் மூடப்பழக்கம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவரும் வருஷக்கணக்காக ஒவ்வொரு பிரசவத்திலும் "சுறாவுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்ல" என்று சொல்லி வந்தவர். பெண்கள் தலையை ஆட்டிவிட்டுச் சுறாவைச் சாப்பிட்டு வந்தார்கள். ஆய்வுக்காக அப்படி ஒரு வீட்டில் தராசோடு உட்கார்ந்திருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். அந்தச் சட்டியைப் புருஷன் தொடவில்லை, மாமியார் தொடவில்லை, பிள்ளைகள் கூடத் தொடவில்லை. "அது மருந்து" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பெற்றவள் முதலில் உட்கார்ந்து முழுச் சட்டியையும் தின்றாள்.

வெளியே வந்ததும் மர்த்தா அம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சுறாவுல பால் ஊறுதோ இல்லியோ மிசியே, மருந்துன்னு பேரு வெச்சாத்தான் நம்ம வூட்டுல பொம்பளைக்கு முழு மீனு கெடைக்குது. இத்தினி வருஷம் அதத் தடுத்துகினு இருந்தேனே! நல்ல வேள, எவளும் என் பேச்சக் கேக்கல." பிறகு நடந்துகொண்டே வந்தவர் நின்றார். "பெத்தப்ப இவ மொதல்ல சாப்பிடறா. மத்த நாள்ல?"

அங்கேதான் அந்தக் கேள்வி பிறந்தது. அதுவரை நாங்கள் ஒரு வீட்டுக்குள் எவ்வளவு உணவு போகிறது என்று பார்த்தோமே தவிர, உள்ளே போனது யார் யாருக்கு எப்படிப் பிரிகிறது என்று பார்க்கவில்லை. தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்று தமிழன் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறான். நான் அதைத் தலைகளால் வகுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் மர்த்தா அம்மாள் கடைசியில் ஒன்று கேட்பார்: "நேத்து கடைசியா சாப்பிட்டது யாரு?" பதில் சொல்பவள் பெரும்பாலும் அவளாகவே இருப்பாள். கொஞ்சம் வெட்கத்தோடு, "நாந்தான்" என்பாள்.

இனி அந்த மில் தெருவுக்கு வருகிறேன்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கப் பால்பொடி வந்திருந்தது. அப்போதைக்கு ஒரே ஒரு பால் நிலையம்தான் திறக்க முடியும். இரண்டு தெருக்கள் பரிசீலனையில் இருந்தன. எங்கள் அறிக்கை எந்தத் தெருவில் பட்டினி அதிகம் என்று சொல்கிறதோ அங்கே நிலையம் வரும். அதில் ஒன்று மில்லுக்குப் பின்னால் இருந்த தெரு. அங்கே செங்கேணி என்ற பெண் இருந்தாள். மில்லில் வேலை பார்த்த கோவிந்தனின் மனைவி. வயிற்றில் ஒரு குழந்தை, கீழே இரண்டு வயதில் முருகன். தாய் மறுபடி கர்ப்பமானதும் பால் நின்றுபோன பிள்ளை. கால்கள் குச்சி, வயிறு மட்டும் முன்னால், முடி செம்பட்டை பாய்ந்திருந்தது. விளையாட மாட்டான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். "சவலை பாஞ்சிடுச்சி" என்றார்கள் தெருவில்.

ஆப்பிரிக்கக் கரையோரத்தில் ஓர் இனத்தார், அடுத்த பிள்ளை வந்ததால் இடம் இழந்த பிள்ளையின் நோய் என்று இதே நோய்க்குப் பேர் வைத்திருப்பதாகவும், டாக்டர்கள் அந்தப் பேரையே புத்தகத்தில் ஏற்றிவிட்டதாகவும் மர்த்தா அம்மாள் எங்கோ படித்திருந்தார். "அவங்க கடலுக்கு அந்தாண்ட, நம்ம இந்தாண்ட. ரெண்டு பேருக்கும் அந்தப் புள்ளயோட மொகம் தெரிஞ்சிருக்குது பாருங்க" என்று அதிசயப்பட்டார். அதிசயம் முடிந்ததும் முகம் மாறியது. "பால் இங்கதான் வரணும் மிசியே. இது இன்னொரு மழகாலம் தாங்காது" என்றார்.

அறிக்கைக்காக அந்தத் தெருவில் நிறுக்கப் போனோம். முதல் வீட்டில் ஒரு நல்ல கொடுவா மீன், முறத்தில். வாலில் ஒரு கடி. "பூனை வாய வெச்சிடுச்சிங்க" என்றாள் வீட்டுக்காரி. நிறுத்தோம், எழுதினோம். இரண்டாம் வீட்டிலும் கொடுவா. எனக்கு மகிழ்ச்சி, சராசரி நன்றாக ஏறிக்கொண்டு வந்தது. மூன்றாவது செங்கேணி வீடு. முறத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மர்த்தா அம்மாள் குனிந்து, ஒரு துரைக்கு வணக்கம் சொல்வதுபோல் மிகுந்த மரியாதையோடு, "பொன்ழூர், மிசியே கொடுவா! காலையிலேர்ந்து மூணாந்தடவ பாக்கறோம். நடந்து நடந்து களைச்சிப் பூட்டீங்க போல" என்றார்.

அப்போதுதான் நான் வாலைப் பார்த்தேன், அதே பூனைக்கடி. பின்கட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம் வந்திருந்தது. பின்கதவுக்கு வெளியே நான்காம் வீட்டுக்காரி தட்டை ஏந்திக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், ஆனால் அங்கே சோறும் இல்லை. மூலையில் கூடை கவிழ்த்து மூடியிருந்தது, அதற்கடியில் கூழ்ப்பானை.

தன் வீட்டு மீன்தான் என்று செங்கேணி முதலில் சாதித்தாள். பிறகு வெடித்தாள். "பின்ன இன்னா பண்ணச் சொல்றீங்க? வூட்டுக்கு வந்தவங்க முன்னாடி கூழுப் பானயத் தொறந்து காட்டணுமா? எங்கூட்டுக்காரரு மானம் இன்னா ஆவறது?"

"இந்த மீன எழுதினா பாலு வேற தெருவுக்குப் போயிடும்டி" என்றார் மர்த்தா அம்மாள்.

அவள் திகைத்தாள். "நல்லாச் சாப்பிடற வூட்டப் பாத்துத்தான் குடுப்பீங்கன்னு நெனச்சோம். பொண்ணு பாக்க வர்றாங்கன்னா இருக்கறத எடுத்து வெக்க மாட்டமா? அதுமாதிரிதான் எல்லாரும் பங்கு போட்டு வாங்கினோம்."

தெருவே சேர்ந்து வாங்கிய ஒரு மீன். அது தங்களுக்குப் பாலை வாங்கித் தரும் என்று நம்பியிருந்தார்கள். அதுவே பாலைத் துரத்திவிட இருந்தது. நான் எழுதிய இரண்டு வீட்டு எடையையும் அடித்தேன். மறுநாள் உள்ளபடி நிறுக்கலாம் என்றோம். ஆனால் ஷிப்ட் முடிந்து வந்த கோவிந்தன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "எம்பொண்டாட்டி புள்ள கூழு குடிக்குதுன்னு சர்க்காரு காயிதத்துல ஏறக் கூடாது மதாம். பாலும் வேணா, ஒண்ணும் வேணா." அவன் கெட்டவன் இல்லை. அந்த ஊரில் கூழ் குடிப்பவன் என்றால் ஒருபடி கீழே என்று அர்த்தம். அவன் மில்லுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறவன். அவன் சொன்னதும் மற்றக் கதவுகளும் சாத்திக்கொண்டன. முருகன் சுவரில் சாய்ந்தபடி எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

வழியெல்லாம் நான் கத்திக்கொண்டு வந்தேன். தெருவையே விட்டுவிடலாம் என்றேன், உத்தரவு வாங்கி வரலாம் என்றேன். மர்த்தா அம்மாள் வாய்க்கால் பாலத்தில் நின்று, "அலோர், மொதல்ல அவங்க நம்மள நிறுக்கட்டும்" என்றார். இது விதியில் இல்லை என்றேன். "விதியப் போட்டவரு வூட்ட யாரும் நிறுக்கல, அதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அவர் வீட்டுக்கு அந்தத் தெருப் பெண்கள் வந்தார்கள். எங்கள் தராசைத் தூக்கிக்கொண்டு செங்கேணி முன்னால் வந்தாள், அவளுக்கு முன்னால் அவள் வயிறு வந்தது. கோவிந்தனும் வந்து, உள்ளே வராமல் வாசற்படியில் நின்றான். சமையலறையில் இறால் இருந்தது, முருங்கைக்காய் இருந்தது, முட்டை இருந்தது, வெண்ணெய்கூட இருந்தது. செங்கேணி எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தாள். பிறகு மர்த்தா அம்மாளின் குரலையே எடுத்துக்கொண்டு, "அலோரு, இன்னா மதாம், தெனமும் எறாவா?" என்று கேட்டாள்.

மர்த்தா அம்மாள் வாயைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன். 'ஆமாம்' என்ற சொல் அவர் உதட்டுக்கு வந்துவிட்டது. நான் சத்தியமாகப் பார்த்தேன். வந்த சொல் அங்கேயே நின்றது. அவர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"இல்லடி. நேத்து சாயங்காலம் பெரிய மார்க்கெட்டுக்குப் போயி வாங்கியாந்தேன். ஏன் வாங்கினேன்னு இப்பதான் எனக்கே தெரியுது. நீங்க வரீங்கன்னதும் காலு தானாப் போவுது! தெனமும் ராத்திரிக்கு எனக்கு ரொட்டியும் காப்பியுந்தான்." எழுந்துபோய் ரொட்டிப் பெட்டியைத் திறந்து, காய்ந்துபோன ஒரு துண்டை எடுத்துத் தராசில் வைத்தார். "இதான் நான். நிறு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற கோவிந்தன் தலையைக் கீழே போட்டுக்கொண்டான், தோள் குலுங்கியது. "மதாமே மீனத் தூக்கிகினு ஓடறாங்களா?" என்றான். படியேறி உள்ளே வந்தான். "நாளைக்கு வாங்க. எது இருக்குதோ அத நிறுங்க. ஆனா ஒண்ணு, உங்க ரொட்டியும் எங்க கூழும் ஒரே காயிதத்துல ஏறணும்." அந்தத் தெருவில் குடியிருக்காதவரை அந்தத் தெருக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று நான் விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. அட்டவணைக்கு அடியில் மர்த்தா அம்மாளின் ரொட்டியை எழுதினேன். மேலிடத்தில் அதைப் பற்றி யாரும் விசாரிக்கவும் இல்லை. அந்த இறாலை அன்றே அங்கேயே சமைத்தோம். செங்கேணியை முதல் பந்தியில் உட்கார வைத்து, "மருந்து, சாப்பிடு" என்று அதட்டிப் பரிமாறினார் மர்த்தா அம்மாள்.

மறுநாள் கூடைகள் நிமிர்ந்தன, பானைகள் வெளியே வந்தன. கேழ்வரகுக் கூழ் தாழ்ந்த சாப்பாடு இல்லை, தீட்டிய அரிசியைவிட அதில் சத்து அதிகம் என்று மர்த்தா அம்மாள் கோவிந்தனிடம் சொன்னார். "அப்ப பணக்காரன் ஏன் சோறு திங்கறான்?" என்று அவன் கேட்டான். "நல்ல கேள்வி. அதையும் ஆராயணும்" என்றார், உண்மையாகவே. குறை கூழில் இல்லை. அது யாருக்கு எப்போது வருகிறது என்பதில் இருந்தது. செங்கேணி கடைசியில் பானையை வழித்துக் குடித்தாள். முருகனுக்கு மேலாகத் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. பல் இல்லாத பிள்ளைக்கு அதுதான் செரிக்கும் என்று நினைத்திருந்தார்கள். பல் வந்து வெகுநாள் ஆகியும் அது மாறவில்லை. எல்லாவற்றையும் எழுதினோம். பால் நிலையம் மில் தெருவுக்கு வந்தது.

முருகனுக்குப் பால்பொடியின் வாசனை பிடிக்கவில்லை, துப்பினான். மர்த்தா அம்மாள் அதைக் கேழ்வரகுக் கஞ்சியில் கலந்து வெல்லம் போட்டுப் பார்த்தார், குடித்தான். செம்பட்டை அடியிலிருந்து கறுத்து வந்தது. செங்கேணிக்குப் பெண் பிறந்தது, மர்த்தா அம்மாள் கையால்தான். ஒருநாள் காலை அவள் எங்கள் அலுவலகத்துக்கே மூச்சிரைக்க ஓடிவந்தாள். நான் எழுந்துவிட்டேன். "மதாம், முருகன் பக்கத்து வூட்டுப் பையன அடிச்சிட்டு ஓடிட்டான்!" என்றாள், முகமெல்லாம் பல்லாக. மர்த்தா அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அடிபட்ட பையனைப் பற்றி இருவரும் கேட்கவேயில்லை.

ஆய்வு முடிந்தது, குழு கலைந்தது. என் கட்டங்களில் மெலிந்து கிடந்தது முதுமைதான். எந்தப் பெரியவரைக் கேட்டாலும் "எனக்கு இன்னா, போதும்" என்பார். மர்த்தா அம்மாளுக்கு அது தீராத குறை. "அந்தப் போதும் வயித்தோட பதிலா, மனசோட பதிலான்னு கண்டுபுடிக்கணும் மிசியே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் அவரே தளர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். போகும்போதெல்லாம் மேசையில் தட்டு போட்டிருக்கும், குழம்பு மணக்கும், "இப்பதான் சாப்பிட உக்காந்தேன்" என்பார். கன்னம் மட்டும் வாராவாரம் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிறு குழம்பு இருந்த பாத்திரத்தைப் பார்த்தேன். பித்தளைத் தூக்கு, அவர் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. "மதாம், இந்த மீன் எந்தத் தெருவிலிருந்து நடந்து வந்தது?" என்று கேட்டேன்.

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கண்டுபுடிச்சிட்டீங்களா! செங்கேணி குடுத்தா. நீங்க போனதும் தூக்கத் திருப்பி அனுப்பிடுவேன். எனக்கு எறங்கல மிசியே. போதும்னு ஆயிடுது."

"வயிற்றின் பதிலா, மனதின் பதிலா?"

அவர் யோசித்தார். வலியையோ பயத்தையோ அந்த முகத்தில் நான் காணவில்லை. பயல்களின் கால்சட்டைப் பையைப் பார்த்த அதே முகம். "அதான் வேடிக்க. உள்ள உக்காந்து பாத்தாலும் தெரியல" என்றார்.

அன்று நான் நேரே மில் தெருவுக்குப் போய்ச் செங்கேணியிடம் சொன்னேன். அவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தூக்கில் அனுப்புவதை நிறுத்தினாள். சாயங்காலமானால் பிள்ளைகளையும் பானையையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போய், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கூட்டத்தில் அவருக்கும் இரண்டு வாய் இறங்கியது. அந்த இரண்டு வாயில்தான் இந்த வருஷம் வரை வந்தார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் செங்கேணியைப் பார்த்தேன். அவள் தோளுயரத்துக்கு முருகன் நின்றான். அவள் அழுது முடித்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலத்தைச் சொன்னாள்.

"கூழுதான் வேணும்னாங்க ஐயா. புள்ளைங்க குடிச்சிதா, நீ குடிச்சியான்னு ஒவ்வொருத்தராக் கேட்டாங்க. எல்லாம் ஆச்சி மதாம், இனிமே நீங்கதான் கடைசின்னேன். 'அப்ப சரி'ன்னு சொல்லிட்டு ரெண்டு வாய் குடிச்சாங்க. கிண்ணத்த எங்கையில குடுத்தாங்க. அவ்ளோதான்."

தராசை அலுவலகம் வாங்கிக்கொண்டது. அட்டவணைகள் எந்த அலமாரியில் இருக்கின்றனவோ தெரியாது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்த ஒரு கேள்விதான். அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது பிற்பகல் ஆகிவிட்டது. மேசையில் அவருடைய ரொட்டி அப்படியே கிடந்தது. என் மனைவி அதை அறுத்து என் தட்டில் வைத்துவிட்டு, வழக்கம்போல் அடுப்பங்கரைக்குத் திரும்பினாள். நான் கூப்பிட்டேன். "நேற்று நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார்?" என்று கேட்டேன். தெருத் தெருவாகக் கேட்ட கேள்வி. என் வீட்டில் அன்றுதான் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வேற யாரு?" என்றாள். அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மர்த்தா அம்மாளின் ரொட்டியை இருவருமாகச் சேர்ந்து சாப்பிட்டோம். கடைசி என்று யாரும் இல்லை.